டேப்போடு வாசிப்பதா, லைவ் எலக்ட்ரானிக்ஸா? கரோக்கே மாதிரி ஆகிவிடாமல் எப்படி?

கட்டைக்குழல்:

வணக்கம். நான் கிளாரினெட் வாசிப்பவன். பிழைப்பு அதில் இல்லை, ஆனால் முறையாகக் கற்றுக்கொண்டதுதான். கூட ஒரு செல்லோ, ஒரு பியானோ. மூவரும் சேர்ந்து பீத்தோவனும் பிராம்ஸும் எழுதிய கிளாரினெட் ட்ரியோக்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த நிகழ்ச்சியில் பாதியையாவது எலக்ட்ரானிக்ஸ் கலந்த படைப்புகளுக்கு ஒதுக்கலாம் என்று மூவருக்கும் ஆசை. ட்ரியோவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தனி வாசிப்பும் இருவர் வாசிப்பும்கூடச் சரிதான்.

தயக்கம் ஒன்று இருக்கிறது. இந்த வகை இசையை வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்கும்போது எனக்கு மிகவும் பிடிக்கிறது. அரங்கில் நேரில் கேட்டால் பெரும்பாலும் ஏதோ குறைகிறது. ஒன்று, டேப் (முன்பே பதிவு செய்து வைத்த ஒலி) தன் பாட்டுக்கு ஓடும், மேடையில் இருப்பவர் அதை விட்டுவிடக் கூடாதே என்று மூச்சுப்பிடித்து ஓடிக்கொண்டிருப்பார், கரோக்கேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றும். இல்லையென்றால் ஒருவர் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், ஸ்பீக்கரிலிருந்து வருவதில் எது இப்போது நடப்பது, எது முன்பே பதிவு செய்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டால் சிடி கேட்கிற மாதிரியே இருக்கும். வாத்தியம் ஒரு பக்கம், ஸ்பீக்கர் ஒரு பக்கம், நடுவில் ஒட்டுதலே இல்லை.

அதனால் இதில் அனுபவம் உள்ளவர்களைக் கேட்கிறேன். முதல்முறை செய்பவர்கள் டேப் படைப்பில் தொடங்க வேண்டுமா, லைவ் எலக்ட்ரானிக்ஸில் (வாசிப்பதை அங்கேயே கம்ப்யூட்டர் வாங்கி மாற்றித் தருவதில்) தொடங்க வேண்டுமா? பயிற்சியை எப்படிச் செய்வது? இந்த ஒட்டாமல் போகும் விஷயத்துக்கு வழி உண்டா, அல்லது இந்த இசையின் இயல்பே அதுதானா?


கறுப்புவெள்ளை:

டேப்பை இவ்வளவு சீக்கிரம் கரோக்கே என்று தள்ளிவிடாதீர்கள். நான் பியானோக்காரன், இந்தப் பக்கம் கொஞ்சம் அலைந்திருக்கிறேன்.

மரியோ டேவிடோவ்ஸ்கியின் ‘சிங்க்ரனிசம்ஸ்’ வரிசையில் ஆறாவதைக் கேளுங்கள். பியானோவுக்கும் மின்னணு ஒலிக்கும் எழுதியது, 1970. அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தொடக்கத்திலேயே பியானோவில் ஒரு ஜி ஸ்வரம் ஒற்றையாக விழும். பியானோவின் பிறவிக் குணம் உங்களுக்குத் தெரியும்: சுத்தியல் கம்பியைத் தட்டிய கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டேதான் போகும், தட்டிய பிறகு அதை வளர்க்க எந்தப் பியானோக்காரனாலும் முடியாது. ஆனால் இங்கே அந்த ஸ்வரம் வளர்கிறது. தேய வேண்டிய இடத்தில் டேப் அதே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்குகிறது. ஒரு நொடிக்குப் பியானோவே அதைச் செய்கிறது என்று காது நம்பிவிடும். டேப் அங்கே பக்கவாத்தியமாகவோ பின்னணியாகவோ இல்லை, பியானோவுக்கு இல்லாத ஒரு கையாக இருக்கிறது. படைப்பு முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். இரண்டு பேர் ஒரே வாத்தியத்தை வாசிப்பது போல எழுதியிருப்பார்.

இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவின் ‘சோஃபெர்த்தே ஓந்தே செரேனே’ இன்னொரு விதம். 1976. அதன் டேப்பில் இருப்பதும் பியானோதான், மவுரிட்சியோ போலினி வாசித்ததைப் பதிவு செய்து ஸ்டுடியோவில் மாற்றியது. போலினியே மேடையில் வாசித்தபோது அவர் தன் நிழலோடுதான் வாசித்தார். இப்போது நீங்களோ நானோ வாசித்தால் போலினியின் நிழலோடு வாசிக்கிறோம். அது கொஞ்சம் விசித்திரமான அனுபவம், பெடலின் சத்தம்கூட டேப்பிலிருந்து வரும், நாம் அழுத்தினோமா என்று ஒரு கணம் குழப்பமாகிவிடும்.

கிளாரினெட்காரருக்கு நேரடியாகச் சொல்வதென்றால் ஸ்டீவ் ரைஷின் ‘நியூயார்க் கவுன்ட்டர்பாயின்ட்’, 1985. ரிச்சர்ட் ஸ்டோல்ட்ஸ்மனுக்காக எழுதியது. மொத்தம் பதினோரு குரல், அதில் பத்தை முன்கூட்டியே பதிவு செய்து, பதினோராவதை மேடையில் வாசிக்க வேண்டும். அந்தப் பத்தையும் நீங்களே பதிவு செய்யலாம். செய்ய வேண்டும் என்பேன். அப்போது டேப்பில் இருக்கும் மூச்சு உங்கள் மூச்சு, ரீட் உங்கள் ரீட், தாளத்தில் உங்களுக்கு இருக்கும் சாய்வும் அதில் அப்படியே இருக்கும். ஆயத்தப் பதிவை வாங்கிப் போட்டு வாசிப்பவர்களிடம்தான் நீங்கள் சொல்லும் கரோக்கே வாடை அடிக்கிறது.

பயிற்சி பற்றி: ஸ்டாப்வாட்சைப் பார்த்து வாசிக்காதீர்கள். ஸ்கோரில் (இசை எழுதிய தாளில்) நொடிக்கணக்கு எழுதியிருக்கும், முதல் வாரம் அது உதவும், பிறகு அதை மறந்துவிட்டு டேப்பை மனப்பாடம் செய்யுங்கள். வாத்தியத்தை எடுக்காமல் டேப்பை மட்டும் கேட்டு, கூடவே வாயால் பாடிப் பாருங்கள். பிராம்ஸில் செல்லோக்காரர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே இழுப்பார் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அந்த அளவுக்கு டேப்பைத் தெரிந்திருந்தால் ஓட வேண்டியதே இல்லை, அது எங்கே வரும் என்று தெரிந்து நீங்கள் முன்னால் போய் நிற்கலாம்.


பழையரேடியோ:

நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன் மட்டும். ஒரு நேர்மையான கேள்வி. எதற்காக இவ்வளவு பாடு? இப்போது வரும் ஆல்பங்களில் பாதிக்குமேல் நான்கு வயலின் நீள நீளமாக இழுக்க, அடியில் ஒரு சின்த் ‘ம்ம்ம்’ என்று முனக, மேலே ஒரு வண்டி ரிவர்ப் (செயற்கை எதிரொலிப்பு) கொட்டியிருக்கிறது. இதற்குச் சேம்பர் இசை என்று பெயர். அந்தச் சின்த்தை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது, வயலினை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. இதில் பெரிய இசையமைப்பாளர்கள் என்று ஜொனாதன் ஹார்வி, கையா சாரியாஹோ பெயர்களைச் சொல்கிறார்கள், அவர்களுடைய படைப்புகளையும் கேட்டேன், அவற்றில் உழைப்பு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நல்ல செல்லோ ஒன்று அறையில் நேராக ஒலிக்கும்போது அதன் மேல் மைக்கை வைத்து எதற்கு ஸ்பீக்கர் வழியாக அனுப்ப வேண்டும்?


மேடைக்குப்பின்:

@பழையரேடியோ, ரிவர்ப் வண்டி பற்றிச் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மைக் வைத்தாலே கெட்டுவிடும் என்பது சரியில்லை. ஜார்ஜ் க்ரம்ப் 1971-இல் எழுதிய ‘வாக்ஸ் பலேனே’யில் ஃப்ளூட், செல்லோ, பியானோ மூன்றுக்கும் மைக் உண்டு, அதற்குமேல் எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லை. மைக் இல்லாமல் அந்தப் படைப்பே இல்லை, ஏனென்றால் ஃப்ளூட்டுக்குள் பாடுவது, பியானோ கம்பிகளை உள்ளே கைவிட்டு மீட்டுவது, செல்லோவில் கீழே வழுக்கிக்கொண்டே வரும் ஹார்மானிக்ஸ், இதெல்லாம் பத்தாவது வரிசைக்குப் போகும்போது காற்றில் கரைந்துவிடும். அங்கே மைக் சத்தத்தைக் கூட்டுவதற்கு இல்லை, காதைப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு.

இப்போது கேள்வி கேட்டவருக்கு. நான் ஒலி அமைப்பு வேலை செய்பவன். வாத்தியம் ஒரு பக்கம், ஸ்பீக்கர் ஒரு பக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் அது இசையமைப்பாளரின் குற்றம் இல்லை, ஸ்பீக்கரை வைத்தவரின் குற்றம். நான் வேலை செய்த ஓர் அரங்கில் ஸ்பீக்கர்கள் எல்லாம் உயரே கூரையில் தொங்கின. மேடையில் இருந்த வாத்தியம் மேடையிலிருந்தும், அதன் எலக்ட்ரானிக்ஸ் ஆகாயத்திலிருந்தும் வந்தன. கீழே இரண்டு ஸ்பீக்கர் வைத்துக்கொள்கிறோம் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம், பார்வையை மறைக்கும் என்று விடவில்லை. ஒட்டுமா அது?

காது ஒலியின் இடத்தைத் தீர்மானிப்பது முதலில் வந்து சேரும் அலையை வைத்துத்தான். அதே ஒலி சில மில்லி நொடி கழித்து வேறு திசையிலிருந்து வந்தால், அது கொஞ்சம் சத்தமாகவே இருந்தாலும், காது அதைத் தனி ஒலியாக எண்ணாமல் முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். தாமதம் முப்பது நாற்பது மில்லி நொடியைத் தாண்டும்போதுதான் எதிரொலியாகப் பிரிந்து கேட்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது 10 மில்லி நொடிக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாசிப்பவரைவிட ஸ்பீக்கர் கேட்பவர்களுக்கு எவ்வளவு மீட்டர் அருகில் இருக்கிறதோ அந்தத் தூரத்தை மில்லி நொடியாக மாற்றி, அதோடு இன்னும் ஐந்தாறு சேர்த்து ஸ்பீக்கருக்குத் தாமதம் கொடுத்துவிடுங்கள். கேட்பவருக்கு முதலில் வாத்தியம் போய்ச் சேரும், ஸ்பீக்கர் அதன் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். வாத்தியமே பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும்.

அதைவிட எளிய வழியும் உண்டு. ஒவ்வொருவருக்கும் பின்னால் தாழ்வாக ஒரு சின்ன ஸ்பீக்கர். அவர் வாத்தியத்திலிருந்து பிறக்கும் எலக்ட்ரானிக்ஸை அவர் பின்னாலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்தே விடுங்கள். மைக்கை மட்டும் வாத்தியத்தின் மேலேயே கிளிப்பில் மாட்டிவிடுங்கள், ஸ்டாண்டில் தள்ளி வைத்தால் பின்னாலிருக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்து வாங்கி ஊளையிட ஆரம்பிக்கும். கிளாரினெட்டில் ஒரு மைக் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ் ஸ்தாயியில் ஒலி பெரும்பாலும் திறந்திருக்கும் துளைகள் வழியாக வருகிறது, மணியில் (குழலின் விரிந்த அடிமுனையில்) மட்டும் மைக் வைத்தால் சில ஸ்வரங்கள் குத்தும், சில காணாமல் போகும்.

இன்னொன்று. வாத்தியத்தின் நேரடி ஒலியையும் கொஞ்சம் ஸ்பீக்கருக்குள் விடுங்கள். தூய அக்கூஸ்டிக் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டும் இரண்டு உலகமாகவே நிற்கும்.


நாலாம்வரி:

தாமதம் பற்றிப் பேச்சு வந்ததால் லைவ் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வியில் இருக்கும் ‘டேப்பா லைவா’ என்பது என்னைப் பொறுத்தவரை கருவி பற்றிய கேள்வியே இல்லை. யாருடைய காலத்தில் இசை நடக்கிறது என்பதுதான் விஷயம். டேப் என்றால் இயந்திரத்தின் காலம், மனிதர் அதற்கு இணங்க வேண்டும். லைவ் என்றால் மனிதரின் காலம், இயந்திரம் காத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே வரும் விவரங்கள்.

பாரிஸில் இருக்கும் இர்காம் என்ற இசை ஆராய்ச்சி மையத்தில் எண்பதுகளில் நடந்த வேலையின் முக்கியமான ஒரு பகுதி இயந்திரத்தைக் காத்திருக்க வைப்பதுதான். அங்கே லாரன்ஸ் போரேகார்ட் என்ற ஃப்ளூட் கலைஞர் இருந்தார். தன் வாத்தியத்தின் சாவிகளில் சென்சார்களைப் பொருத்தி, எந்த விரல் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க முயன்றார். அந்த முயற்சியிலிருந்து பிறந்த படைப்பு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். ஃபிலிப் மானூரி 1987-இல் எழுதி முடித்த ‘ஜூபிட்டர்’ அந்த வேலையிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரிடம் ஸ்கோர் இருக்கும், ஃப்ளூட்டைக் கேட்டுக்கொண்டே இப்போது எந்த இடம் என்று பின்தொடரும், சரியான ஸ்வரம் வந்ததும் தன் பங்கைத் தொடங்கும். அந்தக் காலகட்டத்தில் அங்கே மில்லர் பக்கெட் உருவாக்கியதுதான் மேக்ஸ் மென்பொருள். பிற்பாடு அவரே பியூர் டேட்டா என்று இலவசமாக ஒன்றும் செய்தார். இன்றைக்கும் இந்தத் துறையில் பெரும்பாலோர் திறந்து வைத்திருப்பது இந்த இரண்டில் ஒன்று.

ஸ்கோரைப் பின்தொடரும் நிரலை நம்பி முதல் கச்சேரியில் இறங்காதீர்கள். ஒத்திகையில் அழகாக வேலை செய்யும். மேடையில் பியானோ ஒலி கிளாரினெட் மைக்குக்குள் கசிந்தால் நிரல் வழி தவறிப் பத்து பார் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கால் பெடல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது லேப்டாப்பில் ஸ்கோர் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து அவர் ஸ்பேஸ் பாரைத் தட்டட்டும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கையா சாரியாஹோ 1992-இல் எழுதிய ‘நோவாநோவா’ இந்த வகையில் ஒரு சிகரம், அதில் ஃப்ளூட் வாசிப்பவரே பெடலை மிதித்து அடுத்த கட்டத்துக்குப் போகிறார். அவர் எவ்வளவு நேரம் ஒரு மூச்சை நீட்டுகிறாரோ அவ்வளவு நேரம் எலக்ட்ரானிக்ஸ் காத்திருக்கும். உங்கள் செல்லோ நண்பருக்கு அதே சாரியாஹோவின் ‘பெட்டல்ஸ்’ (1988) இருக்கிறது. ரிவர்பும், ஸ்வரத்தின் உயரத்தை மாற்றித் தரும் ஹார்மனைசரும்தான் எலக்ட்ரானிக்ஸ், அதுவும் விருப்பம் இருந்தால் மட்டும். தனி செல்லோவாகவும் வாசிக்கலாம் என்பதால் முதல்முறை செய்பவருக்குத் தோதானது, ஏதாவது நின்றுபோனாலும் இசை நிற்காது.

மென்பொருள் தாமதம்: கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்கு 48,000 துணுக்குகளாக (சாம்பிள்) வாங்கி, 256 சேர்ந்ததும் ஒரு தொகுப்பாக (பஃபர்) அனுப்புகிறது என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லி நொடி. உள்ளே போய் வெளியே வர, மாற்றிகளின் நேரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில். பயப்படும்படி ஏதும் இல்லை, நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு வாசிப்பதும் இதே தாமதம்தான். 64 சாம்பிளுக்கு இறக்கப் பார்த்து லேப்டாப்பை விக்க வைப்பதுதான் பெரிய ஆபத்து. அப்புறம் வைஃபையை அணைத்துவிடுங்கள், மென்பொருள் அப்டேட்டைக் கச்சேரி வாரத்தில் தொடவே தொடாதீர்கள்.

@கறுப்புவெள்ளை சொன்னதோடு ஓர் இடத்தில் மட்டும் மோதுகிறேன். டேப்பை மனப்பாடம் செய்துவிட்டால் சுதந்திரம் வந்துவிடும் என்பது வாசிப்பவரின் உணர்வு. அரங்கின் எதிரொலிப்பு மாறும்போது நாம் வேகத்தை மாற்ற வேண்டியிருக்கும், பெரிய கூடத்தில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்போம். டேப் மாறாது.


கறுப்புவெள்ளை:

மாறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டேப்பை எல்லோரும் ‘ப்ளே’ அழுத்திவிட்டுப் போகும் ஒன்றாகவே நினைக்கிறீர்கள். நோனோ கிடான் க்ரெமருக்காக 1988-இல் எழுதிய ‘லா லொன்டனான்ட்சா’வில் எட்டு டிராக் டேப் இருக்கிறது, எல்லாம் க்ரெமர் வாசித்ததிலிருந்து எடுத்தது. அவற்றை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று மிக்ஸரில் இருப்பவர் கச்சேரியின்போதே முடிவு செய்கிறார். வயலின்காரர் அரங்கில் அங்கங்கே வைத்திருக்கும் ஸ்டாண்டுகளுக்கு நடந்து நடந்து போய் வாசிப்பார். அங்கே மிக்ஸர்காரர் இரண்டாவது கலைஞர். அவர் யார் என்பதைப் பொறுத்துப் படைப்பே மாறும். ஆக, இயந்திரத்தின் காலம், மனிதரின் காலம் என்று கோடு போட்டுப் பிரிப்பது அவ்வளவு எளிதில்லை.


கட்டைக்குழல்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ‘நியூயார்க் கவுன்ட்டர்பாயின்ட்’ பத்துக் குரலையும் நானே பதிவு செய்வது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். செல்லோவுக்கு ‘பெட்டல்ஸ்’. பியானோக்காரர் டேவிடோவ்ஸ்கியைக் கேட்டுவிட்டு ஸ்கோரைப் பார்த்தார், இப்போது என்னோடு பேசுவதில்லை.

இன்னும் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. கருவிகள் மிகக் குறைவாக, ஆனால் எலக்ட்ரானிக்ஸ் ஒட்டு வேலையாக இல்லாமல் அதுவே விஷயமாக இருக்கும் கிளாரினெட் படைப்பு ஏதாவது? பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலேயின் ‘டயலாக் டெ லோம்ப்ர் டூப்ளே’ பற்றி யோசித்தேன், மேடையில் நான், கேட்பவர்களைச் சுற்றி ஸ்பீக்கரில் பதிவு செய்த இன்னொரு நான், இரண்டும் மாறி மாறி. ஸ்பீக்கர் எண்ணிக்கையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிட்டது. ஸ்கோரைப் பார்த்ததும் விரல்களும் அடங்கிவிட்டன.


அரைச்சுருதி:

உங்களுக்கு வேண்டியது ஆல்வின் லூசியர். ‘இன் மெமோரியம் ஜான் ஹிக்கின்ஸ்’. கிளாரினெட் ஒன்று, மெதுவாக ஏறும் ஒரு தூய சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள மின்னணு ஒலி), அவ்வளவுதான் மொத்தக் கருவியும்.

ஆமாம், அந்த ஹிக்கின்ஸ்தான். கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர், ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நாம் அழைத்தவர். 1984-இல் விபத்தில் இறந்தார். லூசியரும் அவரும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சக ஆசிரியர்கள். அந்த நினைவுக்கு எழுதப்பட்டது, ஆனால் ராகமோ கீர்த்தனையின் சாயலோ எதுவும் இதில் இல்லை, தேடாதீர்கள். அஞ்சலி என்றதும் எல்லோரும் எழுதும் சோக இசையும் இல்லை.

நடப்பது இதுதான். ஆசிலேட்டரிலிருந்து (அந்த ஒலியை உண்டாக்கும் கருவி) சைன் அலை கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலிருந்து கிளம்பிக் ஏறுவதே தெரியாத அளவுக்கு மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும், சுமார் இருபது நிமிடம். நீங்கள் நீண்ட ஸ்வரங்களை, அசைவில்லாமல், வைப்ரேட்டோ இல்லாமல் பிடிக்க வேண்டும். உங்கள் ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், அலை அப்போது 436-இல் இருக்கிறது என்றால் நொடிக்கு நான்கு முறை ஒலி அலையும். அலை 438-க்கு வரும்போது இரண்டு முறை. 439-இல் ஒன்று. இரண்டும் ஒன்றாகும்போது அலைவு நின்றுவிடும், பிறகு அலை உங்களைத் தாண்டிப் போகப் போக மறுபடியும் வேகமெடுக்கும். தம்புராவைச் சுருதி சேர்க்கும்போது கேட்பதும் இதே அலைவுதான், இங்கே அதை இருபது நிமிடத்துக்கு விரித்து வைத்திருக்கிறார்.

@பழையரேடியோ கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதை எடுத்தாலும் ஒன்றும் குறையாது என்றீர்கள். இதில் அலையை எடுத்தால் சும்மா நீள ஸ்வரங்கள் மிஞ்சும், கிளாரினெட்டை எடுத்தால் காது பரிசோதனை மிஞ்சும். கேட்கும் தாளம் இரண்டில் எதிலுமே கிடையாது, இரண்டுக்கும் இடையிலிருக்கும் வித்தியாசத்தில் இருக்கிறது. யாருடைய காலம் என்று நாலாம்வரி கேட்டாரே, ஆசிலேட்டர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, டேப் மாதிரியேதான். ஆனாலும் இதை யாரும் கரோக்கே என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் உங்கள் உதடு ஒரு ஹெர்ட்ஸ் நழுவினாலும் தாளம் மாறும்.

வாசிக்க எளிது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வேகமாக ஓடும் பத்தியில் சுருதி கொஞ்சம் தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒளிய இடமே இல்லை.


பழையரேடியோ:

இப்போதுதான் கேட்டு முடித்தேன். முதல் ஐந்து நிமிடம் எரிச்சல். அப்புறம் தலையைக் கொஞ்சம் திருப்பினேன், ஒலி அறைக்குள் இடம் மாறியது. திரும்பவும் திருப்பினேன். கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்து நடந்துகொண்டே கேட்டேன். பிடித்ததா என்று கேட்டால் தெரியாது, ஆனால் ரிவர்ப் வண்டியோடு இதைச் சேர்க்க மாட்டேன்.

இன்னொரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பிராம்ஸின் தாளை நூறு வருடம் கழித்தும் எடுத்து வாசிக்கலாம். இந்த மென்பொருள் எல்லாம் பத்து வருடத்தில் குப்பைக்குப் போய்விடாதா?


நாலாம்வரி:

போகும், போயிருக்கிறது. ‘ஜூபிட்டர்’ முதலில் ஓடிய 4எக்ஸ் என்ற இயந்திரம் இன்று வேலைக்கு உதவாது. படைப்பு பிழைத்தது என்றால், ஒவ்வொரு தலைமுறை இயந்திரத்துக்கும் யாரோ உட்கார்ந்து அதை மாற்றி எழுதியதால்தான். மாற்றி எழுத ஆள் கிடைக்காத படைப்புகள் இசையமைப்பாளரின் பழைய ஹார்டு டிஸ்க்கோடு முடிந்துவிடுகின்றன.

தப்பிக்கும் படைப்புகளில் ஒரு பொதுவான குணம் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் என்ன செய்கிறது என்று ஸ்கோரிலேயே சொல்லிவிட முடிகிறது. ஸ்டாக்ஹவுசனின் ‘மந்த்ரா’வை எடுத்துக்கொள்ளுங்கள், 1970, இரண்டு பியானோவும் ரிங் மாடுலேட்டரும். ரிங் மாடுலேட்டர் என்பது இரண்டு ஒலி அலைகளின் பெருக்கல்தான். பியானோவின் ஸ்வரம் 440, சைன் அலை 100 என்றால் வெளியே வருவது கூட்டலும் கழித்தலும், அதாவது 540, 340. சைன் அலையை வாசிக்கும் ஸ்வரத்துக்கே பொருத்தினால் 880-உம் பூஜ்யமும், அதாவது வெறும் மேல் ஸ்தாயி, சுத்தமாக இருக்கும். அதிலிருந்து அரை ஸ்வரம் விலகி வாசித்தால் மணி அடிப்பது போலக் கரகரவென்று எங்கோ போய்விடும். சுத்தமான ஸ்வரம் எது, கலங்கிய ஸ்வரம் எது என்ற பழைய விஷயத்தையே பெருக்கலை வைத்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார். 1970-இன் பெட்டி செத்தால் என்ன, பெருக்கல் சாகாது. பியூர் டேட்டாவில் ஐந்து நிமிட வேலை.

லூசியருக்கும் அதேதான். சைன் அலை எந்த இயந்திரத்திலும் சைன் அலை.


கட்டைக்குழல்:

லூசியர் முடிவாகிவிட்டது. நேற்று மாலை போனில் ஒரு டோன் ஜெனரேட்டரை ஓடவிட்டு வாசித்துப் பார்த்தேன். நீள ஸ்வரம் பிடிக்கத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. @மேடைக்குப்பின், இதற்கும் ஸ்பீக்கரை எனக்குப் பின்னால்தான் வைக்க வேண்டுமா?


மேடைக்குப்பின்:

இதற்கு வேண்டாம். முன்னால் சொன்னதெல்லாம் இரண்டையும் ஒட்ட வைப்பதற்கு. இதில் ஒட்டிவிட்டால் விஷயமே போச்சு, அலைவு அறைக்குள் நடமாட வேண்டும். ஒரே ஒரு ஸ்பீக்கர், மேடையின் மறு ஓரத்தில், உங்கள் கிளாரினெட்டின் உயரத்துக்கு. கிளாரினெட்டுக்கு மைக் வேண்டாம். சைன் அலையை உங்கள் மெதுவான வாசிப்புக்குச் சமமாக வையுங்கள், தனியாகக் கேட்கும்போது இது போதாதே என்று தோன்றும் அளவுக்குத்தான். ரிவர்ப் எங்காவது ஆனில் இருக்கிறதா என்று மிக்ஸரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏசி இரையும் கூடம் என்றால் அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் அதை அணைக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வையுங்கள், மேடையேறிய பிறகு கேட்டால் யாரும் செய்து தர மாட்டார்கள்.